எவருடைய கதை இது?
தார்க்கோவ்ஸ்கியின் 'கண்ணாடி'யும் அதைக் கண்டவர்களும்

திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் அதன் இயக்குநருக்குக் கடிதம் எழுதுவது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கமே. புகழ்ந்தோ இகழ்ந்தோ எழுதப்படும் அக்கடிதங்கள் பெரும்பாலும் சில நாள்களில் மறக்கப்பட்டுவிடும். 1975ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் வெளியான 'கண்ணாடி' என்னும் படத்திற்கு வந்த கடிதங்களுக்கு அவ்விதி நேரவில்லை. அப்படத்தின் இயக்குநர் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி, திரைக்கலை பற்றித் தாம் எழுதிய நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே அவற்றுள் பலவற்றை எடுத்து வைத்தார். தம்மைப் போற்றியவற்றை மட்டும் அல்ல, தம்மைச் சாடியவற்றையும் மறைக்காமல் வைத்தார்.

அக்கடிதங்கள் இரண்டு கட்டுகளாகப் பிரிகின்றன. லெனின்கிராடு நகரத்துப் பெண் பொறியாளர் ஒருவர், புரிந்துகொள்ள மனமார முயன்றதாகவும், அரைமணி நேரத்திற்குள் தலைவலியே மிஞ்சியதாகவும் எழுதினார். இன்னொருவர் படத்தைக் குப்பை என்றே தள்ளினார். வேறொருவர் இயக்குநரை நோக்கி, இப்படத்தை நீர்தாம் பார்த்தீரா என்று கேட்டார். இது முதற்கட்டு. இரண்டாம் கட்டிலோ, கோர்க்கி நகரத்துப் பெண் ஒருவர், தம் குழந்தைப் பருவம் இப்படித்தான் இருந்தது என்றும், அதை இயக்குநர் எவ்வாறு அறிந்தார் என்றும் வியந்து நன்றி கூறினார். காற்றையும் இடியையும் அணைந்துபோன விளக்கையும் தாய்க்காகக் காத்திருந்த ஏக்கத்தையும் அவர் நினைவுகூர்ந்தார். ஆலையில் உழைத்துக்கொண்டே மாலை வகுப்பில் பயிலும் தொழிலாளி ஒருவர், அப்படத்தைப் பற்றிப் பேசவும் தம்மால் இயலவில்லை என்றும், அதைத் தாம் வாழ்ந்துகொண்டிருப்பதாகவும் எழுதினார். ஒரே வாரத்தில் நான்கு முறை பார்த்தவரும் அவர்களிடையே உண்டு.

ஒரே படம், ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே வகையான உழைக்கும் மக்கள். ஒரு சாரார், "உம்முடைய கதை எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கின்றனர். மற்றொரு சாரார், "எங்கள் கதை உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறித்தே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம்.

படத்தில் இருப்பவை

இப்படத்தைக் காணாத வாசகர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கதை என்று வரிசையாகச் சொல்வதற்கு அதில் ஏதும் இல்லை. நாற்பது வயதைக் கடந்த ஒரு மனிதர் நோயுற்றிருக்கிறார். அவர் குரல் கேட்கிறது. முகம் ஒருபோதும் காட்டப்படுவதில்லை. அவருடைய நினைவுகளும் கனவுகளும் அவர் பிறக்கும் முன்பிருந்தே தொடங்கும் நாட்டின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னி வருகின்றன. 1930-களின் சிற்றூர் வீடு. கணவன் திரும்பி வருவானோ என்று வேலியின் மேல் அமர்ந்து வழிபார்க்கும் இளம் தாய். கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருக்க, எதிரே எரியும் வைக்கோற் கொட்டில். போர்க்காலத்தில் காதணியை விற்கச் செல்லும் தாயும் மகனும். பனி மூடிய குன்றில் ஏறிய சிறுவன் ஒருவனின் தலையில் வந்தமரும் பறவை. இவற்றிடையே வானத்தில் ஏறும் பலூன்கள், இசுபானிய உள்நாட்டுப் போரில் பெற்றோரைப் பிரிந்து கப்பலேறும் குழந்தைகள் என ஆவணப் படச்சுருள்களும் வந்து போகின்றன.

பார்ப்பவரைக் குழப்புவதற்கென்றே செய்ததுபோல் வேறு சிலவும் உண்டு. மார்கரீத்தா தெரெகோவா என்னும் ஒரே நடிகை, கதைசொல்லியின் இளம் தாயாகவும் அவரைப் பிரிந்து வாழும் மனைவியாகவும் வருகிறார். ஒரே சிறுவன், சிறுவயதுக் கதைசொல்லியாகவும் அவருடைய மகனாகவும் வருகிறான். இயக்குநரின் உண்மையான தாயாகிய மரியா, முதிய தாயாகப் படத்தில் தோன்றுகிறார். 1930-களில் குடும்பத்தை விட்டுச் சென்ற உண்மையான தந்தையாகிய கவிஞர் அர்சேனி, தம் கவிதைகளைத் தம் குரலிலேயே வாசிக்கிறார். வீட்டின் நடுவே கூரையிலிருந்து நீரும் காரையும் பொழிகின்றன. பெண்ணொருத்தி படுக்கைக்கு மேலே அந்தரத்தில் மிதக்கிறாள். எது கனவு, எது நினைவு, எது வரலாறு என்று எவரும் நமக்கு அறிவிப்பதில்லை.

சாடியவர்களின் நியாயம்

முதற்கட்டுக் கடிதங்களை எழுதியவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கலைப்படங்களை ஆதரிப்போர் பலர் அவ்வாறே செய்கின்றனர். அது நேர்மையாகாது. நாள் முழுதும் உழைத்தவர் சீட்டு வாங்கி இருளில் வந்தமர்கிறார். அவர் முன் ஒருவர் தம் வீட்டையும் தம் தாயையும் தம் பிணியையும் பற்றி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசுகிறார்; பெயர்களைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. இது மரியாதையா என்று அவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. தன்னைப் பற்றிப் பேசுவதில் மனிதர் அனைவருக்கும் ஓர் இன்பம் உண்டு. கலைஞருக்கு அது சற்றுக் கூடுதலாகவே உண்டு. அவ்வின்பத்திற்குக் கலை என்று பெயரிட்டுவிட்டால் எவரும் கேள்வி கேட்கலாகாது என்பது ஏற்புடையதன்று.

ஆயினும் ஒன்றைப் பிரித்துணர வேண்டும். சாமானியர் புரியவில்லை என்று சொன்னது வேறு. அதிகாரிகள் சொன்னது வேறு. சோவியத் திரைப்படத் துறையின் அதிகாரிகளும், 'மக்களுக்குப் புரியாது' என்ற காரணத்தையே கையாண்டனர்; படத்தைப் பரவலாகத் திரையிடாமல் ஒதுக்கிவைத்தனர். சாமானியரின் சலிப்பு நேர்மையானது. அதிகாரிகளோ அச்சலிப்பைத் தங்களுக்கு ஒரு வேலியாக்கிக்கொண்டனர். மக்களின் பெயரால் பேசிய அவர்களிடம், மக்களே எழுதிய இரண்டாம் கட்டுக் கடிதங்களுக்கு விடையில்லை.

நாமும் ஒரு காலத்தில் முதற்கட்டைச் சேர்ந்தவர்களே. 1990-களில் குருமடத்தில் இறையியல் பயின்றபோது, நகரத்துத் திரைப்படச் சங்கம் ஒன்று இப்படத்தைத் திரையிட்டது. தோழர் சிலருடன் சென்று பார்த்தோம். பாதியில் எழுந்து போகவில்லை என்பதொன்றே நம் பெருந்தன்மை. மறுநாள் குருமடத்தின் கையெழுத்து ஏட்டில், "தன்னையே வலம்வரும் கலை" என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதினோம். தன்னலம் மறந்து பிறருக்காக வாழ்வதைப் பற்றிக் காலையில் பாடம் கேட்டுவிட்டு வந்த இளைஞனுக்கு, இம்மனிதரின் தன்னுரை அகந்தையாகவே தோன்றிற்று. அவ்வேடு இன்று எங்கும் இல்லை என்பதில் நமக்கு நிறைவே. அண்மையில் பங்கு இல்லத்தில் தனியே அமர்ந்து இரண்டாம் முறை பார்த்தபோதுதான், அன்று எதைக் காணத் தவறினோம் என்பது விளங்கிற்று.

இட்டு நீக்கிய பெயர்

தார்க்கோவ்ஸ்கியும் அலெக்சாந்தர் மிஷாரினும் 1968ஆம் ஆண்டு இப்படத்திற்கென முதன்முதல் எழுதிய கதைவரைவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களுள் ஒன்று 'பாவ அறிக்கை' என்பதாகும். பின்னர்ப் பெயர் மாறிற்று. பொருள் மாறவில்லை என்றே எண்ணுகிறோம். இப்படத்தை அளப்பதற்கு நம்மிடம் உள்ள கருவிகளுள், திருச்சபை ஒப்புரவு அருட்சாதனத்தைக் குறித்துக் கற்பிப்பதைவிடப் பொருத்தமான ஒன்று நமக்குத் தென்படவில்லை.

1551ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம், பாவ மன்னிப்பு நாடுபவரிடம் இருக்க வேண்டியவற்றை மூன்றாக வகுத்தது: மனத்துயர், அறிக்கை, பரிகாரம். தன்னைப் பற்றிய பேச்சு ஒவ்வொன்றும் பாவ அறிக்கை ஆகிவிடாது. மனத்துயர் இன்றிச் சொல்லப்படுவது வெறும் வரலாறு. பரிகாரத்தில் போய்ச் சேராதது வெறும் புலம்பல். இம்மூன்றும் இப்படத்தில் உண்டா என்று பார்ப்போம்.

படத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு தொலைபேசி உரையாடல் வருகிறது. நோயுற்ற மகன் தாயிடம், அப்பா நம்மை விட்டுப் போனது எந்த ஆண்டு என்று கேட்கிறார். தாயோ, தம்முடன் அச்சகத்தில் பணியாற்றிய தோழி இறந்துபோன செய்தியைச் சொல்கிறார். நாம் ஏன் எப்போதும் சண்டையிட்டுக்கொள்கிறோம் என்று மகன் கேட்கிறார். தன்மீது தவறிருந்தால் மன்னிக்குமாறு வேண்டுகிறார். அவ்வேண்டுதலுக்கு மறுமொழி கிடைப்பதில்லை. இளமையில் நாம் இக்காட்சியைக் கவனிக்கவே இல்லை. இன்றோ, படம் முழுவதும் இம்மறுமொழிக்காகக் காத்திருப்பதாகவே தோன்றுகிறது. அதன் பின் வரும் நினைவுகள் யாவும், தாயிடம் மன்னிப்புக் கேட்டு அது கிடைக்காத ஒருவர், தாம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்பதை அறிய மேற்கொள்ளும் ஆன்ம சோதனையே.

அடுத்தது அறிக்கை. இயக்குநர் தம்மைப் பற்றித் தாமே பெருமையாகப் பேசுகிறார் என்பது குற்றச்சாட்டு. ஆனால் அவரைப் பற்றிய மிகக் கடுமையான சொற்கள் படத்திற்குள்ளேயே இருக்கின்றன. பிரிந்து வாழும் மனைவி நத்தாலியா, கண்ணாடியின் முன் நின்றபடி அவரிடம் பேசுகிறார். தாம் அருகில் இருப்பது ஒன்றே பிறருக்கு இன்பமாக இருக்க வேண்டும் என்று அவர் எப்போதும் நம்பியதாகவும், கேட்க மட்டுமே தெரிந்தவர் என்றும் அவள் இடித்துரைக்கிறாள். முதற்கட்டுக் கடிதங்கள் அனைத்தும் சொல்ல முயன்றதை இப்பெண் ஓரிரு தொடர்களில் சொல்லி முடிக்கிறாள். அவளுக்கு அவரால் மறுப்புரைக்க முடியவில்லை. தன்மீது சாட்டப்படும் குற்றத்தைத் தன் வாயாலேயே முழுமையாகச் சொல்ல இடம் தருபவனை, தன்னைத் தானே கொஞ்சிக்கொள்பவன் என்று சொல்வது கடினம். தாயையும் மனைவியையும் ஒருவரே நடிப்பதன் பொருளும் இங்கே விளங்குகிறது. மனைவியைப் பார்க்கும் போதெல்லாம் தாயையே கண்டதால், இருவரில் எவரையும் அவரவராகக் காணத் தவறினார் என்பதே அவருடைய பாவ அறிக்கை. அதை அவர் சொற்களில் சொல்லாமல் நம் கண்களைத் தடுமாறச் செய்து சொல்கிறார். அன்று நாம் குழப்பம் என்று எழுதியது, அவருடைய குற்றத்தின் வடிவமே.

மூன்றாவது பரிகாரம். இங்கே படத்திற்கு வெளியே உள்ள இரு செய்திகளை அறிந்திருப்பது நன்று. தம் குடும்பம் வாழ்ந்த சிற்றூர் வீடு அழிந்துபோயிருந்தது. பழைய நிழற்படங்களைக் கொண்டு, அதே இடத்தில், பழைய அடித்தளத்தின் மேலேயே அவ்வீட்டைத் தார்க்கோவ்ஸ்கி மீண்டும் எழுப்பினார். வீட்டின் எதிரே ஒரு காலத்தில் வெண்ணிறப் பூப்பூக்கும் தானியப் பயிர் ஒன்று விளைந்ததாக அவருக்கு நினைவு. அந்நிலத்தில் அப்பயிர் வளராது என்று கூட்டுப்பண்ணை உழவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தம் பொறுப்பிலேயே விதைத்தார். பயிர் தழைத்து வயல் முழுதும் வெண்மையாகப் பூத்தது. பின்பு தம் தாயை அங்கு அழைத்துச் சென்று நிறுத்தினார். இளமையில் கைவிடப்பட்டு, இரு குழந்தைகளைத் தனியே வளர்த்து, மறுமணமும் செய்யாமல் முதுமையுற்ற அத்தாய்க்கு மகனால் திருப்பித் தரக்கூடியது வேறென்ன? இடிந்த வீட்டைக் கட்டித் தருவதும், பூக்காத வயலைப் பூக்கவைப்பதும் பரிகாரம் என்னும் சொல்லுக்கு நாம் அறிந்த நல்ல விளக்கங்களுள் ஒன்று.

படத்தின் இறுதிக் காட்சியில் அத்தாய், முதிய உருவில், சின்னஞ்சிறு குழந்தைகளாக உள்ள தம் மக்களைக் கைப்பிடித்து அவ்வயலினூடே நடத்திச் செல்கிறார். சற்றுத் தொலைவில் அதே தாய் இளம்பெண்ணாகக் கணவனோடு புல்லில் சாய்ந்திருக்கிறாள். ஆணா பெண்ணா, எது வேண்டும் என்று கணவன் கேட்கிறான். அவள் சிரிக்கிறாள், கண்கள் கலங்குகின்றன, வரவிருக்கும் யாவற்றையும் ஒரு நொடியில் கண்டுவிட்டவள்போல் திரும்பிப் பார்க்கிறாள். பின்னணியில் பாக் இயற்றிய யோவான் நற்செய்தியின் பாடுகள் இசையின் தொடக்கப் பல்லியம் முழங்குகிறது. ஒரு குடும்பத்தின் சிறு துயரத்தின் மேல் ஆண்டவருடைய பாடுகளின் இசையை வைப்பது மிகையல்லவா என்று எவரேனும் கேட்கலாம். மனிதரின் துயரங்களுள் ஆண்டவருடைய பாடுகளுக்குப் புறம்பானது எதுவும் இல்லை என்று நம்புகிறவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

தனியொருவர் கதை பலருக்கு எப்படி ஆகிறது?

புனித அகுஸ்தீனார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் இதே கேள்வியை எதிர்கொள்கிறார். இறைவனிடம் சொல்லும் பாவ அறிக்கையை மனிதர் எதற்காகக் கேட்க வேண்டும் என்று தம்மையே வினவுகிறார். கேட்போருள் வெறும் ஆவலால் கேட்போரும் உண்டு என்பதை அவர் அறிவார். இருப்பினும், அன்பினால் செவி திறக்கப்பட்டவர்கள் அதை நம்புவார்கள் என்ற உறுதியிலேயே தொடர்ந்து எழுதுகிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒருவர், சிறுவயதில் பேரிக்காய் திருடியதைச் சொல்லும்போது, நம் நெஞ்சு குறுகுறுப்பது எதனால்? அவர் பொதுவாகப் பாவம் என்று சொல்லவில்லை. பேரிக்காய் என்று சொன்னார். அதனால்தான்.

'கண்ணாடி'யின் வலிமையும் அதுவே. ஒரு வீட்டில் முன்பின் அறியாத பெண் தேநீர் அருந்துகிறாள். அவள் மறைந்துவிடுகிறாள். சூடான கோப்பை மேசையில் பதித்த ஈரத்தடம் மட்டும் சற்று நேரம் இருந்து, மெல்ல மெல்லச் சுருங்கி மறைகிறது. இறந்தோரைப் பற்றிய நம் நினைவும் இப்படித்தான் மறைகிறது என்று எவரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. தடம் மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவே. கோர்க்கி நகரத்துப் பெண்மணி தம் சொந்தக் காற்றையும் விளக்கையும் இப்படத்தில் கண்டது, அங்கே காட்டப்பட்ட காற்றும் விளக்கும் அவ்வளவு உறுதியாக ஒருவருக்கு மட்டுமே உரியனவாக இருந்தமையால்தான்.

இத்தன்னுரை நாட்டை மறந்த தன்னுரையும் அன்று. 1943ஆம் ஆண்டில் சிவாஷ் என்னும் ஆழமற்ற உப்பேரியைச் செம்படை வீரர்கள் கடந்த காட்சி படத்தின் நடுவே நீண்ட நேரம் ஓடுகிறது. முழங்கால் சேற்றில், பீரங்கிகளை இழுத்துக்கொண்டு, பெயரற்ற மனிதர் நடந்துகொண்டே இருக்கின்றனர். அதைப் படம்பிடித்த படப்பிடிப்பாளர் அதே நாளில் போரில் மாண்டார் என்று தார்க்கோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். தந்தைக்காகக் காத்திருந்த ஒரு சிறுவனின் நினைவு, வீடு திரும்பாத ஆயிரமாயிரம் தந்தையரின் நினைவோடு இங்கே இணைகிறது. 1836ஆம் ஆண்டில் புஷ்கின் தம் நண்பர் சாதாயேவுக்கு எழுதிய கடிதத்தைச் சிறுவன் உரக்கப் படிக்கும் காட்சியும் உண்டு. கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் பிரிந்ததால் இரசியாவுக்கு நேர்ந்ததைப் பேசும் கடிதம் அது. இறைவனின் பெயரை உரக்கச் சொல்ல இயலாத ஒரு காலத்தில், பள்ளிச் சிறுவனின் வாயால் அக்கடிதத்தைப் படிக்கச் செய்தது துணிவே.

நாம் உடன்படாத இடமும் உண்டு. நோயாளியின் படுக்கைக் காட்சியில், மருத்துவரும் வேறு சிலரும் அவர் மனச்சான்றைப் பற்றியும் நினைவைப் பற்றியும் பேசிக்கொள்கின்றனர். பின்பு அவருடைய கை ஒரு சிறு பறவையைப் பற்றி மேலே பறக்கவிடுகிறது. மற்ற இடங்களில் பொருள்களைப் பேசவிட்ட கலைஞர், இங்கே தம் ஆன்மாவுக்குத் தாமே ஓர் உருவகம் செய்து தருகிறார். சாவின் அருகில் நிற்கும் தம்மைப் பார்த்துத் தாமே இரங்குகிறார். முதற்கட்டுக் கடிதங்களின் குற்றச்சாட்டு உண்மையாகப் பொருந்தும் இடம் இது ஒன்றே என்று கருதுகிறோம். பாவ அறிக்கை செய்பவர், தமக்குத் தாமே மன்னிப்பு வழங்கிக்கொள்ளலாகாது. 1995ஆம் ஆண்டில் திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட நாற்பத்தைந்து சிறந்த படங்களின் பட்டியலில் தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்திரேய் ரூப்ளேவ்', 'பலி' ஆகிய இரண்டும் இடம்பெற்றன, 'கண்ணாடி' இடம்பெறவில்லை. அவ்விரண்டும் சமயப் பொருளை வெளிப்படையாகக் கொண்டவை. இதுவோ சமயப் பெயர் சூடாத பாவ அறிக்கை. அதனால் இதன் தகுதி குறைந்துவிடுவதாக நமக்குத் தோன்றவில்லை.

கேட்பவரின் கடமை

இப்படத்தையொட்டிச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. படக்காட்சி முடிந்தபின் அறிஞர்கள் அரங்கிலேயே அமர்ந்து அதன் பொருள் என்னவென்று நெடுநேரம் விவாதித்துக்கொண்டிருந்தார்களாம். அரங்கைப் பெருக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் காத்திருந்த துப்புரவுப் பணிப்பெண் பொறுமையிழந்து, இதில் விளங்காதது என்ன இருக்கிறது என்று கேட்டாராம். ஒரு மனிதன் நோயில் விழுந்தான், சாவுக்கு அஞ்சினான், பிறருக்குத் தான் செய்த தீமைகள் யாவும் அவன் நினைவுக்கு வந்தன, மன்னிப்புக் கேட்க விரும்பினான் என்றாராம். இதற்கு மேல் இப்படத்தைப் பற்றி எந்தத் திறனாய்வாளரும் சொல்லிவிடவில்லை.

அப்பணிப்பெண்ணுக்குப் புரிந்தது, இறையியல் பயின்ற நமக்கு ஏன் புரியவில்லை? இதைச் சிந்திக்கையில், படத்தை விட்டு நம்மையே நோக்க வேண்டியதாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வழியில், கட்டிலோடு கிடந்த முதிய பெண்மணி ஒருவரைக் காண்போம். நற்கருணை வாங்கியதும் அவர் ஒரு கதையைத் தொடங்குவார். தம் தாய் உப்பளத்திலிருந்து திரும்பும்வரை வாசற்படியில் தம்பியோடு காத்திருந்த ஒரு மாலையிலிருந்து அது தொடங்கும். "சாமி, அன்னைக்கு நல்லா இருட்டிப்போச்சு" என்பார். அதற்குள் தம்பியின் காய்ச்சல் வரும், அயலாரின் ஆடு வரும், எங்கோ கேட்ட வேட்டுச் சத்தம் வரும். முன்பின் ஒழுங்கு இராது. நமக்கோ இன்னும் எட்டு வீடுகள் மீதமிருக்கும். "அடுத்த மாசம் வந்து கேக்குறேன், பாட்டி" என்று கையைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அவரும் புன்னகையோடு சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார். ஓராண்டுக்கும் மேலாக இவ்வாறே நடந்தது. பிறகொரு மாதம் சென்றபோது, பக்கவாதத்தால் அவருடைய பேச்சு நின்றுபோயிருந்தது. கண்கள் மட்டும் நம்மைத் தொடர்ந்தன. அன்று நெடுநேரம் அருகில் அமர்ந்திருந்தோம். கேட்க நேரம் இருந்தது. சொல்ல அவரிடம் குரல் இல்லை. அம்மாலையில் அத்தாய் எப்போது வீடு வந்து சேர்ந்தார், அல்லது வந்து சேர்ந்தாரா என்பதே நமக்கு இன்றுவரை தெரியாது.

தன் கதையையே சுற்றிவருகிறவர்கள் என்று நாம் சலித்துக்கொள்ளும் முதியோரும் நோயாளரும் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றனர். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றனர். அவர்களுடைய பேச்சு ஒழுங்கற்றிருக்கலாம், சொன்னதையே சொல்லலாம், கனவும் நினைவும் கலந்திருக்கலாம். அதனுள் ஒருவேளை ஒரு மன்னிப்பு வேண்டுதல் மறைந்திருக்கலாம், அல்லது ஒரு நன்றி மறைந்திருக்கலாம். அதைச் சென்றடையும் வழி அவர்களுக்கே தெரியாததால்தான் சுற்றிச்சுற்றி வருகின்றனர். தார்க்கோவ்ஸ்கியே இப்படத்தை இருபதுக்கும் மேற்பட்ட முறை வெட்டியும் ஒட்டியும் மாற்றியமைத்த பின்னரே அதன் காட்சிகள் ஒருநாள் தம் இடங்களில் பொருந்தின என்று எழுதியிருக்கிறார். பெருங்கலைஞருக்கே இருபது முறை வேண்டியிருந்தது. கட்டிலில் கிடக்கும் மூதாட்டிக்கு நாம் ஐந்து நிமிடம் தருகிறோம்.

முதற்கட்டுக் கடிதங்களை எழுதியவர்களை நாம் குறை கூறவில்லை. தலைவலியோடும் இறுதிவரை அமர்ந்திருந்த அந்தப் பொறியாளரை மதிக்கிறோம். நம்மைவிட அவர் பொறுமையாளர். தன்னைப் பற்றிய பேச்சு அகந்தையா, பாவ அறிக்கையா என்பதைப் பிரித்தறிய ஒரே வழி, இறுதிவரை கேட்பதுதான். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இப்போது நாம் காண்பது கண்ணாடியில் காணும் மங்கலான உருவம் என்கிறார். அது அன்பைப் பற்றிய அதிகாரம் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

'கண்ணாடி' ஒரு சிறு முன்னுரைக் காட்சியோடு தொடங்குகிறது. திக்குவாய் உள்ள இளைஞன் ஒருவன் மருத்துவப் பெண்மணியின் முன் நிற்கிறான். அவர் அவனை அவசரப்படுத்தவில்லை. அவன் கைகளிலும் விரல்களிலும் இறுகியிருந்த அச்சத்தை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறார். கடைசியில் அவன் தடையின்றி உரத்துச் சொல்லும் செய்தி, தன்னால் பேச முடியும் என்பதே. கதையோடு அதற்குத் தொடர்பில்லை என்று அன்று குருமட ஏட்டில் எழுதியிருந்தோம். அப்பெண்மணி அங்கே செய்யும் பணி இன்னதென்று இப்போது விளங்குகிறது. வருகிற முதல் வெள்ளியன்று சந்திக்க வேண்டிய வீடுகள் ஒன்பது. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுவதாக இருக்கிறோம்.